வாத்துக்கு வந்த ரோஷம்

உள்ளறையிலிருந்து பென்சில் ஒன்று மேஜைமேல் விழும் சத்தம் கேட்டது. பின்னாலேயே நாற்காலிச் சக்கரங்கள் கரகரவென்று உருண்டன.

கூடத்தில் தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த சோபாக்காரர் மிதிப்பலகையிலிருந்து காலை எடுத்தார். பதினோரு வருஷமாகக் கேட்டுக் கேட்டு, உள்ளறைச் சத்தம் அவருக்கு ஒரு பாஷையாகவே ஆகிவிட்டிருந்தது. கீபோர்டு அடைமழை மாதிரி சடசடத்தால் மனைவி சந்தோஷமாக இருக்கிறாள். தூறல் மாதிரி விட்டு விட்டுக் கேட்டால் யோசிக்கிறாள். பென்சிலைப் போட்டுவிட்டு நாற்காலியைப் பின்னால் தள்ளினாள் என்றால் எங்கோ முட்டுச்சந்தில் நிற்கிறாள். அடுத்த நிமிஷம் அழைப்பு வரும்.

"ஏங்க, கொஞ்சம் வர்றீங்களா."

வந்தது. சோபாக்காரர் மடியிலிருந்த பஞ்சுத் தூளைத் தட்டிக்கொண்டு எழுந்தார். எப்போதும் இந்த அழைப்புக்குக் கல்யாண வீட்டுக்குப் போகிறவர் போல எழுந்து போவார். இன்று கால் தயங்கியது. ஏனென்று அவருக்கு மட்டும்தான் தெரியும்.

சோபாக்காரர் என்பது தெரு வைத்த பெயர். கிழிந்த சோபா, குழி விழுந்த மெத்தை, பல் டாக்டரின் சாய்வு நாற்காலி, எது வந்தாலும் உரித்துப் பஞ்சு மாற்றிப் புதுத்துணி போட்டுக் கொடுப்பார். பதினாறு வயதில் கார் சீட் தைக்கும் கடையில் சேர்ந்தவர். ஒரு நாற்காலியின் அடியில் கையை விட்டால், அதில் உட்காருகிறவர் எந்தப் பக்கம் சாய்ந்து உட்காருவார் என்று சொல்லிவிடுவார். வியாபாரம் அமோகம் என்று சொல்ல முடியாது, ஆனால் கை ஓய்ந்திருந்த நாளும் கிடையாது.

மனைவியோ கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதுகிறவள். கல்யாணத்தின்போது ஒரு கடையில் பில் அடித்துக்கொண்டிருந்தாள். பில் அடிக்கிற மெஷினுக்கு உள்ளே யார் உட்கார்ந்து கூட்டிக் கழிக்கிறார்கள் என்று ஒருநாள் அவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது. அந்தச் சந்தேகத்தைப் பிடித்துக்கொண்டு சாயங்கால வகுப்பில் சேர்ந்தாள். அவள் வகுப்புக்குப் போன இரண்டு வருஷமும் ராத்திரிச் சமையல் சோபாக்காரர்தான். அந்த நாட்களைப் பற்றி இருவருமே பேச மாட்டார்கள். முக்கியமாகச் சாப்பாட்டைப் பற்றி.

இவருடைய இன்னொரு உத்தியோகம் ஆரம்பித்தது அவளுக்கு முதல் வேலை கிடைத்த வருஷத்தில். புத்தகம் வாடகைக்கு விடும் ஒரு நிலையத்துக்கு அவள் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தாள். மூன்று நாளாக எங்கேயோ தப்பு. எங்கே என்று தெரியவில்லை. மனம் வெறுத்துப்போய், பல் டாக்டர் நாற்காலியிலிருந்து குறடால் கம்பிப் பின் பிடுங்கிக்கொண்டிருந்த கணவரிடம் வந்து, தான் எழுதியதை ஒவ்வொரு வரியாகச் சொல்லிப் புலம்பினாள். இவரும் பின்னைப் பிடுங்கிக்கொண்டே கேட்டார். கடைசியில் தலையைச் சாய்த்து, புத்தகம் வாங்கிய ஆள் செத்துப்போய்விட்டால் புத்தகம் யார் கணக்கில் நிற்கும் என்று ஒரு கேள்வி கேட்டார்.

கேள்விக்கும் தப்புக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் அதற்குப் பதில் சொல்வதற்காக அவள் நாலு வரி பின்னால் போனாள். போன இடத்தில், மூன்று நாளாகத் தண்ணி காட்டிய தப்பு காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அவள் ஓடிய ஓட்டத்தில் பின் டப்பா கவிழ்ந்து, அன்று முழுவதும் இருவரும் செருப்பைக் கழற்றவில்லை.

அன்றிலிருந்து அது வீட்டு வழக்கமாகிவிட்டது. அவள் முட்டி நிற்கும்போதெல்லாம் இவர் குட்டை ஸ்டூலை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போவார். அவள் சொல்லுவாள். இவர் கேட்பார். புரியாத இடத்தில் நிறுத்துவார். புரியாத இடம் என்பது பெரும்பாலும் எல்லா இடமும்தான்.

நடுநடுவே தனக்கென்றும் சில சந்தேகங்கள் கேட்டுக்கொள்வார். அழித்த ஃபைல் எங்கே போகிறது? எங்கேயும் போகவில்லை, வீடு அங்கேயேதான் இருக்கிறது, விலாசத்தை மட்டும் கிழித்துவிட்டார்கள், வேறு யாராவது குடிவரும் வரை பழைய ஆள் உள்ளேதான் இருப்பார் என்பாள் அவள். கம்ப்யூட்டர் ஏன் பூஜ்யத்திலிருந்து எண்ணுகிறது? வரிசையின் ஆரம்பத்தில் நிற்கும் நீங்கள் முதல் ஆளிடம் போக எத்தனை அடி நடக்க வேண்டும் என்று திருப்பிக் கேட்பாள். இவர் யோசித்து, ஒரு அடியும் வேண்டாம் என்பார். அதுதான் பூஜ்யம் என்பாள். அணைத்துவிட்டுப் போட்டால் ஏன் சரியாகிறது என்ற கேள்விக்கு மட்டும், நீங்கள் கோபமாகப் படுத்துத் தூங்கி எழுந்தால் எதற்குக் கோபம் என்று மறந்துபோகிறதே, அது மாதிரிதான் என்றாள். அது தன்னைப் பற்றிய புகாரா என்று அவர் ஒரு வாரம் யோசித்தார்.

இப்படிச் சுகமாகப் போய்க்கொண்டிருந்த உத்தியோகத்தில் மண்ணைப் போட்டவன் மச்சினன்.

மனைவிக்குத் தம்பி. பெரிய கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, கழுத்தில் எப்போதும் அடையாள அட்டை. ஒரு மாதத்துக்கு முன் அக்கா மாடிப்படியில் வழுக்கி விழுந்து வலது காலில் மாவுக்கட்டோடு, ஆபீசுக்குப் போகாமல் முழு நேரமும் வீட்டிலேயே வேலை செய்ய ஆரம்பித்தபோது பார்க்க வந்தான். குட்டை ஸ்டூலில் மாமா உட்கார்ந்து கதை கேட்கும் காட்சியைக் கண்டதும் அவனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. தங்கள் ஆபீசில் பாதிப் பேர் மேஜைமேல் மஞ்சள் ரப்பர் வாத்து ஒன்று வைத்திருப்பார்களாம். தப்பு பிடிபடாவிட்டால் அந்த வாத்திடம் தாங்கள் எழுதியதை வரி வரியாகச் சொல்வார்களாம். வாய்விட்டுச் சொல்லும்போது தப்பு தானே கண்ணில் படுமாம். உலகம் முழுக்கவே இந்தத் தொழிலில் இது வழக்கமாம்.

"எங்களுக்கெல்லாம் ரப்பர் வாத்து, மாமா. அக்கா கொடுத்து வெச்சவ. மீசை வெச்ச வாத்து."

சோபாக்காரர் சிரித்தார். மச்சினன் கேலிக்குச் சிரிக்காவிட்டால் மரியாதை இல்லை. ஆனால் அவனோடு சேர்ந்து மனைவியும் சிரித்தாள். அந்தச் சிரிப்புத்தான் பஞ்சுக்குள் தங்கிப்போன பின் மாதிரி உட்காரும்போதெல்லாம் குத்தியது. பதினோரு வருஷம். தான் அவளுக்குத் தோள் கொடுத்தேன் என்று நினைத்துக்கொண்டிருக்க, அவள் ஒரு பொம்மையிடமா பேசிக்கொண்டிருந்தாள்?

மறுநாளே அவர் படிக்க ஆரம்பித்துவிட்டார். யாரிடமும் மூச்சு விடவில்லை. காதில் ஒற்றை இயர்போனை மாட்டிக்கொண்டு, போனைப் பஞ்சு மூட்டையில் சாய்த்து வைத்து, பாடம் கேட்டபடியே தைத்தார். பாடம் நடத்துகிறவர் ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர் போலப் பேசியதால் வேகத்தைக் குறைத்து வைத்துக் கேட்டார். வேரியபிள் என்றால் பெயர் ஒட்டிய டப்பா. லூப் என்றால் செய்ததையே செய்வது. லூப் பாடம் நடந்த அன்று ஒரே மெத்தைக்கு இரண்டு பக்கமும் ஜிப் வைத்துத் தைத்துவிட்டார். வாங்க வந்த வாடிக்கையாளர் இது புது ஃபேஷனா என்று கேட்க, ஆமாம் என்று சொல்லி அனுப்பினார்.

பாதி புரிந்தது. புரியாத பாதிக்கு என்ன செய்வது என்று அவருக்கு ஒரு வழி தோன்றியது. தலையாட்டுவது.

மனைவி இப்போது ஒரு கண் ஆஸ்பத்திரிக்கு வேலை செய்துகொண்டிருந்தாள். அவள் தலைமையில் நடக்கும் முதல் வேலை அது. வருகிற நோயாளிகளை மூன்று கவுண்டர்களில் பதிவு செய்வார்கள். யார் முதலில் வந்தாரோ அவர் பெயர் சுவரிலிருக்கும் திரையில் முதலில் வரவேண்டும். அவ்வளவுதான். குழந்தைகூட எழுதிவிடும் என்றுதான் அவளும் நினைத்தாள். ஆனால் வைத்த இரண்டாம் வாரத்திலிருந்து ஆஸ்பத்திரியில் தினம் தகராறு. தனக்குப் பின்னால் வந்தவர் தனக்கு முன்னால் உள்ளே போகிறார் என்று ஆட்கள் சண்டைக்கு நின்றார்கள். அப்படி முந்திப் போகிறவர்கள் மூன்றாவது கவுண்டரில் பதிந்தவர்களாக இருந்தார்கள். அங்கே இருக்கும் பெண் தெரிந்தவர்களைக் குறுக்கு வழியில் விடுகிறாள் என்று பேச்சுக் கிளம்பி, அந்தப் பெண் இரண்டு நாள் அழுதாளாம்.

பதிவைப் பார்த்தால் எல்லாம் சரியாக இருந்தது. வீட்டில் மூன்று கவுண்டர் மாதிரி மூன்று ஜன்னல் திறந்து வைத்து நூறு தடவை சோதித்துப் பார்த்தாள். ஒரு தடவைகூடத் தப்பு வரவில்லை. கூட்டம் குறைந்த நாளில் ஆஸ்பத்திரியிலும் வரவில்லை. நேரில் போய்ப் பார்க்கலாம் என்றால் காலில் கட்டு.

இந்த நிலைமையில்தான் அன்று காலை அவளுடைய ஆபீஸ் மேலாளர் அம்மாள் போன் செய்தார். இத்தனை நாள் பொறுத்தாகிவிட்டது, நாலு மணிக்கு வீட்டுக்கு வருகிறேன், காகிதங்களைக் கொடுத்துவிடுங்கள், வேறொரு குழு பார்க்கட்டும் என்று தன்மையாகத்தான் சொன்னார். தன்மையாகச் சொன்னதால்தான் இன்னும் அவகாசம் கேட்க முடியவில்லை. முதல் முதலாகத் தலைமை ஏற்ற வேலை கையை விட்டுப் போனால், அடுத்தது என்று ஒன்று வராது. அது அவளுக்கும் தெரியும், கதவோரம் நின்று கேட்ட அவருக்கும் தெரியும்.

அதனால்தான் காலையில் அந்தப் பென்சில் விழுந்தது. இவர் ஸ்டூலோடு போனார். அவள் ஆரம்பத்திலிருந்து சொன்னாள். நோயாளி வருகிறார், கவுண்டரில் பெயர் பதிகிறார்கள், வந்த நேரம் குறிக்கப்படுகிறது, எல்லாம் சர்வருக்கு, அதாவது நடுவிலிருக்கும் பெரிய கம்ப்யூட்டருக்குப் போகிறது...

"அது க்யூதானே," என்றார் சோபாக்காரர். "முதல்ல வந்தவன் முதல்ல போறது."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். ஆச்சரியம்தான், கொஞ்சம் பெருமையும்கூட. ஆனால் அதற்குப் பிறகு அவள் பேச்சு ஓட்டமெடுத்தது. தெரிந்தவரிடம் யார் படிப்படியாக இறங்குவார்கள்? ஐந்து படியை ஒரே தாவலில் தாண்டினாள். இவர் தலையாட்டினார். இன்னும் ஐந்து தாண்டினாள். இன்னும் ஆட்டினார். முன்பெல்லாம் ஒரு மணி நேரம் இழுக்கும் கதை ஏழு நிமிஷத்தில் முடிந்தது. முடிந்த இடத்தில் ஒன்றும் கிடைக்கவில்லை.

மூன்று வாரமாக இதே கதைதான். ஒவ்வொரு தடவையும் இவர் தலையாட்டியிருக்கிறார், ஒவ்வொரு தடவையும் அவள் வெறுங்கையோடு திரும்பியிருக்கிறாள். மச்சினன் சொன்ன ரப்பர் வாத்தாவது தலையை ஆட்டாமல் சும்மா இருக்கும். அந்த நினைப்பு வந்ததும் சோபாக்காரர் ஸ்டூலை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். அவளிடம் ஒப்புக்கொள்ள மானம் இடம் கொடுக்கவில்லை.

நாலு மணிக்கு மேலாளர் வந்தார். ஐம்பது வயதிருக்கும், கையில் குடை, கண்ணில் தூக்கம் போதாத சோர்வு. மனைவியின் காலை விசாரித்தார். கூடத்தில் பஞ்சு மூட்டைகளுக்கு நடுவே இருந்த நல்ல நாற்காலியில் உட்காரச் சொன்னதும், இது யார் தைத்தது என்று கேட்டுவிட்டு வசதியாகச் சாய்ந்துகொண்டார். வேறு சமயமாக இருந்தால் சோபாக்காரர் அரை மணி நேரம் விளக்கம் கொடுத்திருப்பார்.

மனைவி உருளும் நாற்காலியோடு கூடத்துக்கு வந்து, கட்டுப்போட்ட காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு, அடுத்த குழுவுக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் மேலாளரிடம் சொல்ல ஆரம்பித்தாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் காகிதங்களின் ஓரத்தைத் தட்டித் தட்டி ஒழுங்கு செய்துகொண்டே இருந்தாள். ஏற்கெனவே ஒழுங்காக இருந்த காகிதங்கள். அவள் ஒவ்வொன்றாகச் சொல்ல, விஷயம் தெரிந்த மேலாளர் ம், ம் என்று தலையாட்டிக்கொண்டே வந்தார்.

தண்ணீர் டம்ளரோடு வந்த சோபாக்காரர் அந்தத் தலையாட்டலைப் பார்த்தபடி நின்றுவிட்டார். அவருடைய தலையும் இதோ ஆடத் தயாராக இருந்தது. ஒரு வீட்டில் ஒரு நேரத்தில் எத்தனை தலைதான் ஆடும்? மானம் பெரிதா, அவள் கையிலிருக்கும் காகிதம் பெரிதா என்று ஒரு கணம் அவருக்குள் தராசு ஆடியது. அடுத்த கணம் டம்ளரை மெஷின்மேல் வைத்துவிட்டு வாயைத் திறந்துவிட்டார்.

"மேடம், நான் சோபா தைக்கிறவன். தப்பாக் கேட்டா சிரிச்சுடுங்க. எனக்கு ஒரு இடம் மட்டும் புரியவே இல்ல."

மேலாளர் கேளுங்கள் என்றார்.

"வந்த நேரத்தைக் குறிக்குதுன்னு சொல்றாளே, அது யாரோட கடிகாரத்துல?"

கம்ப்யூட்டர் நேரம்தான் என்று மேலாளர் பொறுமையாகச் சொன்னார். கம்ப்யூட்டருக்கு உள்ளேயே கடிகாரம் இருக்கிறது.

"சரிங்க. எந்தக் கம்ப்யூட்டர்ல? அங்கதான் மூணு இருக்கே."

தட்டிக்கொண்டிருந்த காகிதங்கள் நின்றன.

மேலாளர் ம் என்று சொல்ல ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினார். மனைவி கணவரைப் பார்த்தாள். அப்புறம் மடியிலிருந்த காகிதத்தைப் பார்த்தாள். வீட்டில் அவள் திறந்து வைத்துச் சோதித்த மூன்று ஜன்னலும் ஒரே கம்ப்யூட்டரில். அதனால் மூன்றுக்கும் ஒரே கடிகாரம். நூறு தடவை அல்ல, ஆயிரம் தடவை சோதித்தாலும் தப்பு வந்திருக்காது. ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு கவுண்டரும் தன் கடிகாரத்தைப் பார்த்து நேரம் போடுகிறது. அதில் ஒன்று பின்தங்கி ஓடினால், அங்கே பதிகிறவர் எல்லோரும் முன்கூட்டியே வந்தவர்களாகிவிடுவார்கள். பதிவைப் பார்க்கிறவருக்கும் அது சரியாகவே தெரியும்.

"கூட்டம் இருந்தாத்தான் முந்துவாங்க," என்று அவள் தனக்குள் பேசுவது போலச் சொன்னாள். "கூட்டம் இல்லாத அன்னிக்கு அடுத்த ஆள் வர்றதுக்கே பத்து நிமிஷம் ஆகும்."

மேலாளர் போனை எடுத்துக்கொண்டு எழுந்தார். கூடத்துக்குள் சிக்னல் சரியாகக் கிடைக்காததால் பால்கனிக்குப் போனார். கதவுக்கு அப்பால் அவர் ஆஸ்பத்திரியோடு பேசுவது முணுமுணுப்பாகக் கேட்டது.

உள்ளே இரண்டு பேர் மட்டும். அவள் மெதுவாகக் கேட்டாள், இத்தனை நாளாக இதை ஏன் கேட்கவில்லை என்று. கோபமாகக் கேட்டிருந்தால் அவர் சமாளித்திருப்பார். மெதுவாகக் கேட்டதால் உடைந்துபோனார். மூன்று வாரப் படிப்பு, ஒற்றை இயர்போன், இரண்டு ஜிப், தலையாட்டல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

"உன் தம்பி வாத்துன்னு சொன்னான். நீயும் சிரிச்சே. தெரியாதவன்னு உக்காந்திருக்க எனக்கு வெக்கமா இருந்துச்சு."

அவள் சிரிக்கவில்லை. கண் நிறைந்துவிட்டது. ஒரு பக்கமாகச் சாய்ந்து கையை நீட்டி, அவர் சட்டையில் ஒட்டியிருந்த பஞ்சை எடுத்தாள். எடுத்த பஞ்சை என்ன செய்வதென்று தெரியாமல் விரலில் உருட்டிக்கொண்டிருந்தாள்.

"அவன் மீசைன்னு சொன்னதுக்குச் சிரிச்சேங்க. உங்களுக்கு எங்க இருக்கு மீசை? நாலு முடி." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "தெரிஞ்சவங்க எங்க ஆபீஸ் பூரா இருக்காங்க. எல்லாரும் தலையாட்டுவாங்க. புரியலன்னு முகத்துக்கு நேரா சொல்ல எனக்கு நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்க. அதையும் நிறுத்திட்டா நான் எங்க போவேன்?"

அவர் கைக்குட்டை தேடினார். கிடைக்காமல், வாடிக்கையாளர் சோபாவுக்கு வெட்டி வைத்திருந்த நீலத் துணியில் முகத்தைத் துடைத்துக்கொண்டார். படிக்க வேண்டாம் என்று தான் சொல்லவில்லை, நன்றாகப் படியுங்கள், ஆனால் புரியாத இடத்தில் மட்டும் தலையை ஆட்டாதீர்கள் என்றாள் அவள். ஆட்டுவதில்லை என்று சொல்வதற்காக அவர் தலையை ஆட்டினார். அதற்கு இருவருக்குமே சிரிப்பு வந்துவிட்டது.

மேலாளர் உள்ளே வந்தபோது இருவரும் அவசரமாக ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டார்கள். அவர் எதையும் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. போனை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார்.

"முதல் கவுண்டர் நாலு இருபத்திரண்டு. ரெண்டாவது நாலு இருபத்திரண்டு." கொஞ்சம் நிறுத்தினார். "மூணாவது நாலு பதினஞ்சு."

ஏழு நிமிஷம். அது மூன்றிலும் பழைய மெஷினாம். அணைத்திருக்கும்போது நேரத்தைக் காப்பாற்றுகிற உள் பேட்டரி, சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும், அதற்கு உயிர் போய்க்கொண்டிருக்க வேண்டும் என்றார் மேலாளர். பேட்டரியை மாற்றினால் போதுமா என்று சோபாக்காரர் கேட்டார். இந்த முறை யாருக்கும் முன்னால் அவர் வெட்கப்படவில்லை. போதாது, நாளைக்கு இன்னொன்று பின்தங்கும், மூன்று பேர் மூன்று நேரம் சொன்னால் என்றைக்கும் சண்டைதான் என்றாள் மனைவி. நேரத்தைச் சர்வர் ஒன்றுதான் சொல்ல வேண்டும், கவுண்டர்கள் எதுவும் தானாகச் சொல்லக் கூடாது. சொல்லும்போதே நாற்காலியை உள்ளறைப் பக்கம் ஒற்றைக் காலால் உந்திக்கொண்டு போனாள். காலை கவுண்டர் திறப்பதற்குள் முடித்துவிடுவேன் என்ற குரல் மட்டும் வெளியே வந்தது.

மடியிலிருந்து அவள் ஸ்டூல்மேல் போட்டுவிட்டுப் போயிருந்த காகிதக் கட்டை மேலாளர் எடுத்தார். ஒரு கணம் அதைக் கையில் வைத்திருந்தார். பிறகு தையல் மெஷின்மேல், தண்ணீர் டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இது இங்கேயே இருக்கட்டும். அவங்களே முடிக்கட்டும்."

சோபாக்காரருக்குக் கை கூப்பத் தோன்றியது. அது நாடகம் மாதிரி இருக்குமோ என்று, வாசல்வரை குடையை எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தார். மேலாளர் செருப்பை மாட்டிக்கொண்டே, நீங்கள் கம்ப்யூட்டர் எங்கே படித்தீர்கள் என்று கேட்டார். படிக்கவில்லை, படித்துக்கொண்டிருக்கிறேன், லூப் வரைக்கும் வந்திருக்கிறேன் என்றார் இவர். அதற்கு மேல் தனக்கும் பாதி மறந்துபோய்விட்டது என்று மேலாளர் ஒப்புக்கொண்டார்.

இரண்டு படி இறங்கியவர் நின்று திரும்பினார்.

"நான் வீட்டுக்குப் போகல. நேரா ஆஸ்பத்திரிக்குத்தான் போறேன். அந்த மூணாவது கவுண்டர் பொண்ணுகிட்ட நானே சொல்லணும். போன்ல சொல்ற விஷயம் இல்ல இது."

சீக்கிரம் போங்க மேடம் என்றார் சோபாக்காரர். மேலாளர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கி, திருப்பத்தில் மறைந்தார். அவருடைய காலடி கீழே வாசலைத் தாண்டும் வரை கேட்டுக்கொண்டு நின்றுவிட்டு, சோபாக்காரர் கதவைச் சாத்தினார்.